எம்.பி.பி.எஸ். படிப்பவருக்கு எதற்கு இயற்பியல்?

இந்தியாவில் டாக்டராக நினைப்பவரின் வாழ்க்கையில் நோயாளி வருவதற்கு வெகு முன்பே, சாய்தளத்தில் உருளும் கோளம் ஒன்று வந்துவிடுகிறது. நீட் தேர்வின் 180 கேள்விகளில் 45 இயற்பியல். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 போய்விடும். உயிரியலின் 360 மதிப்பெண்ணைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இந்த 180-க்காகத்தான் பயிற்சி மையங்களில் பணம் கட்டுகிறார்கள். நீட்டுக்கு முன்பு தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200-க்குக் கட்-ஆஃப் போட்ட காலத்திலும் இயற்பியலுக்கு 50 இருந்தது. அதில் அரை மதிப்பெண் போய், கூடவே சீட்டும் போன கதை இன்னும் சில வீடுகளில் கல்யாணப் பந்திவரை பேசப்படுகிறது.

பாதிக்கப்படுவோரில் ஒரு பிரிவினர் தனிக் கவனத்துக்குரியவர்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று கணிதமே இல்லாத 'ப்யூர் சயின்ஸ்' பிரிவு உண்டு. கணக்குக்குப் பயந்து இதில் சேர்கிறவர்கள் கணிசம். வகையீடும் தொகையீடும் இயற்பியல் புத்தகத்துக்குள் ஒளிந்திருப்பதை அட்மிஷன் அன்று யாரும் சொல்வதில்லை.

மருத்துவ ஆசை கொண்டவர் இயற்பியலைப் படிக்கும் முறை, பின்னால் எலும்புகளைப் படிக்கப்போகும் முறையேதான்: மனப்பாடம். மணிக்கட்டின் எட்டு எலும்புகளை வரிசையாக ஒப்பிப்பது போல ஃபார்முலாக்கள் ஒப்பிக்கப்படுகின்றன. புவியீர்ப்பு முடுக்கம் புத்தகத்தில் 9.8 என்றிருக்கும், தேர்வறையில் வசதிக்காக 10. இதனால் உலகிலுள்ள எல்லாப் பொருளும் இரண்டு சதவீதம் கனம் கூடிவிடுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தேர்வு முடிந்த அன்று மாலையே மறதி தொடங்கும். அதன் அரை ஆயுட்காலத்தை இன்னும் யாரும் அளந்ததில்லை. அளக்கத் தெரிந்தவர்களும் அதற்குள் மறந்திருப்பார்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் விட்டது தொல்லை என்று முதலாண்டு மாணவர் நினைக்கிறார். ஆனால் உடலியங்கியல் என்ற பெயரில் அதே ஆள் வேறு சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறார். கைட்டனின் தடிமனான புத்தகத்தில் ரத்த ஓட்டப் பகுதியைத் திறந்தால், இதயத்தின் படத்தை எதிர்பார்த்தவரை அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய மூன்றும் வரவேற்கின்றன. மின்னோட்டத்துக்கு ஓம் சொன்னதையே ரத்தத்துக்கும் சொல்லிவிட்டு, அடுத்து பாய்ஸல் வருகிறார்.

பாய்ஸல் விதியில் மாணவரை உலுக்குவது ஆரத்தின் நான்காம் அடுக்கு. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று சராசரி மனிதர் நினைப்பார். உண்மையில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ரத்தக் குழாய் சிறிது சுருங்கினாலே உடல் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. ஆனால் மாணவர் அதை ஐந்து மதிப்பெண் சிறுகுறிப்பாகவே எழுதிவிட்டு நகர்கிறார். விதி உண்மையில் புரிவது நாலைந்து வருடம் கழித்து, ஹவுஸ் சர்ஜனாக இரவுப் பணியில் நிற்கும்போது. விபத்தில் ரத்தம் இழந்த நோயாளி வருகிறார். ஹவுஸ் சர்ஜன் கைக்கு வந்த நீல நிற வென்ஃப்ளான் ஊசியை எடுக்கிறார். "டாக்டர், நீலம் வேண்டாம், சாம்பல் போடுங்க" என்கிறார் ஸ்டாஃப் நர்ஸ். நீலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 36 மி.லி. இறங்கும், சாம்பலில் சுமார் 180. நீலம் 22 கேஜ், சாம்பல் 16 கேஜ். எண் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும். இந்தத் தலைகீழ்க் கணக்கு மாணவரைக் குழப்புவதற்கென்றே செய்யப்பட்டதாகத் தோன்றும். சிஸ்டருக்கோ சமன்பாடே தேவைப்படவில்லை. நிறம் போதும்.

நீட் பயிற்சி வகுப்புகளில் ஒரு பழைய கேள்வி சுற்றிவரும்: பெரியதும் சிறியதுமான இரண்டு சோப்புக் குமிழிகளைக் குழாயால் இணைத்தால் என்ன ஆகும்? சிறியது சுருங்கும், பெரியது இன்னும் பெருக்கும். அழுத்தம் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் சிறிய குமிழியில்தான் அழுத்தம் அதிகம். சோப்பு வியாபாரிக்கு மட்டுமே பயன்படும் கேள்வி என்று விட்டுவந்தவருக்கு, நுரையீரலின் காற்றறைகளும் இதே சிக்கலில் இருப்பது முதலாண்டில் தெரியவருகிறது. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் அவற்றின் உள்சுவரில் படிந்திருப்பதால்தான் மூச்சு விடுவது நமக்கு இத்தனை எளிதாக இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு அந்தப் பொருளின் பற்றாக்குறையே காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-இல் காட்டினார்கள்.

எலும்பு மருத்துவத்தில் திருப்புவிசை வருகிறது. இடது இடுப்பு வலிப்பவர் இயல்பாகவே கைத்தடியை இடது கையில் பிடிப்பார். டாக்டர் அதை வலது கைக்கு மாற்றச் சொல்வார். வலது கையில் ஊன்றும்போது இடுப்பு மூட்டிலிருந்து தடியின் தூரம் கூடுகிறது. அதனால் சிறு ஊன்றுதலே இடது இடுப்புத் தசைகளின் வேலையை வெகுவாகக் குறைத்துவிடும். நோயாளி நம்ப மாட்டார். ஏணிக் கணக்கைச் சாய்ஸில் விட்ட டாக்டரும் முழுதாக நம்பித்தான் சொல்கிறார் என்று உறுதி கூற முடியாது. ஈ.சி.ஜி.யில் வரும் வெக்டார்களைப் பற்றி இங்கே விரிக்காமல் இருப்பதே கருணை.

இவ்வளவு துன்பத்துக்கும் மாணவர்கள் நியூட்டனைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் குற்றவாளிகள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். பாய்ஸல் ஒரு மருத்துவர். யங் குணகமும் இரட்டைப் பிளவுச் சோதனையும் தந்த தாமஸ் யங் லண்டனில் நோயாளிகளைப் பார்த்தவர். விரவல் விதிகளை 1855-இல் எழுதிய ஃபிக் ஓர் உடலியங்கியலாளர். தவளைக் காலை மின்சாரத்தால் துள்ளவைத்த கால்வானி உடற்கூறியல் ஆசிரியர். கலிலியோகூட 1581-இல் பீசாவில் மருத்துவம் படிக்கத்தான் சேர்ந்தார். பட்டம் வாங்காமலே வெளியேறினார்.

இவர்களில் மருத்துவ மாணவர்கள் மாலை போட வேண்டியவர் ராபர்ட் மாயர். 1840-இல் டச்சுக் கப்பலொன்றில் மருத்துவராக ஜாவாவுக்குப் போன ஜெர்மானியர். அங்கே மாலுமிகளின் சிரையிலிருந்து எடுத்த ரத்தம் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாக இருந்தது. வெப்ப நாட்டில் உடல் சூட்டைக் காக்க ஆக்சிஜன் குறைவாகச் செலவாகிறது என்று யோசிக்கத் தொடங்கியவர், ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்பதில் போய் நின்றார். 1841-இல் கட்டுரை எழுதி இயற்பியல் இதழொன்றுக்கு அனுப்பினார். அதில் இயக்கவியலின் அடிப்படையிலேயே பிழைகள் இருந்தன. ஆசிரியரிடமிருந்து பதில்கூட வரவில்லை. மாயர் உட்கார்ந்து இயற்பியல் படித்து, கணக்கைத் திருத்தி, 1842-இல் ஒரு வேதியியல், மருந்தியல் இதழில் வெளியிட்டார். இயற்பியலில் அரியர் வைத்தே ஆற்றல் மாறா விதியை எட்டிப்பிடித்தவர் என்று இவரைச் சொல்லலாம்.

பட்ட மேற்படிப்பில் கதை இன்னும் வேடிக்கையாகிறது. எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி.யில் முன்னணி இடம் பெறுகிறவர்கள் போட்டிபோட்டுப் பிடிப்பது ரேடியாலஜி. ராத்திரி அழைப்புத் தொல்லை குறைவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சேர்ந்ததும் முதலில் காத்திருப்பது கதிர்வீச்சு இயற்பியல். 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் உடலின் புரோட்டான்கள் நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை பம்பரமாகச் சுழல்வது ஏன் என்று விளக்க வேண்டும். அந்த வகுப்பை எடுக்க வருகிறவர் பெரும்பாலும் எம்.எஸ்சி. முடித்த மருத்துவ இயற்பியலாளர். கட்-ஆஃபில் கொஞ்சம் குறைந்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் பி.எஸ்சி. இயற்பியலுக்குப் போனவராக அவர் இருப்பதும் உண்டு. உயிரியல் வினாத்தாள் அந்த வருடம் கஷ்டம் என்பார்.