சீட்டைத் தடவுகிறவர்

பெங்களூரில் பழைய கூப்பே கார் ஒன்று சல்லிசாக வருகிறதாம் என்று ஆம்பூர் டீக்கடையில் ஒருவர் வாய் தவறிச் சொன்னால் போதும், மறுநாள் விடியற்காலை சொன்னவர் வாசலில் இவர் நிற்பார். விட்டுவிட்டுப் போனால் கோபித்துக்கொள்வார். கூட்டிப் போனால் போய்ச் சேரும் வரை தோலைப் பற்றியே பேசுவார், திரும்பி வரும்போதும் அதையே பேசுவார். முப்பது வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரித்த கை அது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை. இதற்குள் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும்.

விற்பவர் கதவைத் திறந்ததும் மற்றவர்கள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். இவர் ஏறவே மாட்டார். வெளியில் நின்றபடி குனிந்து, கட்டைவிரலால் சீட்டின் நடுவில் ஓர் அழுத்து அழுத்துவார். விரலைச் சுற்றிச் சுருக்கம் விசிறி மாதிரி விரிகிறதா, மொத்தமாகக் குழிகிறதா என்று பார்ப்பார். பிறகு புறங்கையால் ஒரு தடவல். உள்ளங்கை காய்த்துப்போனது, பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அடுத்து இரண்டு விரலால் கிள்ளி, கனம் 1.2 மில்லிமீட்டர் என்பார், கருவி எதுவும் இல்லாமல். அளந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு நுனி படும் தூரத்தில் மயிர்க்கால் துளைகளைப் படிக்க ஆரம்பிப்பார். ஆடு என்றால் துளைகள் கொத்துக் கொத்தாக வரிசை கட்டும். மாடு என்றால் சீராகப் பரவியிருக்கும். எருமை என்றால் பெரிதாக, தள்ளித் தள்ளி இருக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள்கம்பி கீறிய கோடு, உரித்தவன் கத்தி தவறிய இடம் என்று அந்த மாட்டின் வாழ்க்கை வரலாற்றையே ஒப்பிப்பார். அதன்பின் டார்ச் கேட்பார். வாங்க வந்தவருக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வரும்: ஆகா, ஆயில் கசிகிறதா என்று அடியில் பார்க்கப் போகிறார்! அவர் குனிவது காருக்கு அடியில் அல்ல, சீட்டுக்கு அடியில். தையலோரத்தில் சதைப்புறம் எங்காவது வெளியே தெரிகிறதா, அங்கே இருப்பது நாரா துணியா என்று பார்த்துவிட்டு நிமிரும்போது அவர் முகத்தில் ஒரு நீதிபதியின் களை. “வண்டி எப்டிணா கீது?” என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “தோலு நல்லா கீது.” வண்டிக்குச் சனி பிடித்திருந்தால் இன்னொன்று: “நடுவுல மட்டும்தான் தோலு. ஓரமெல்லாம் ரெக்சினு.”

இந்த இரண்டாவது தீர்ப்பும் பொய்யில்லை. பல சொகுசுக் கார்களில் உடம்பு படும் முகப்பு மட்டும்தான் தோல், பக்கவாட்டும் முதுகும் செயற்கை. மெர்சிடிஸ் ‘ஆர்ட்டிகோ’ என்று பெயர் சூட்டியிருப்பது தோலே கிடையாது, நம் ரெக்சினுக்குப் பணக்காரச் சித்தப்பா. கன்று சுமந்த பசுவின் தோலில் வரி விழும் என்பதால் ரோல்ஸ் ராய்ஸ் காளைத் தோலாகப் பார்த்து எடுக்கிறது என்பதையும் இவரே சொல்லித்தான் கேட்க வேண்டும். காருக்குள் போகிற தோலிலிருந்து எண்ணெய் ஆவியாகி முன்கண்ணாடியில் படியக் கூடாது, அதற்கென்றே தனிச் சோதனை உண்டு என்பதும் இவருக்குத் தெரியும். ஆகையால் இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. என் வழக்கே வேறு. ஒன்றும் தெரியாதவரைத் துணைக்குக் கூட்டிப் போனால் கூடவே ஒரு மெக்கானிக்கையும் அழைத்துப் போவோம். இவர் வந்துவிட்டால் மெக்கானிக் எதற்கு என்று தோன்றிவிடுகிறது. ஒரு மனிதர் வியர்க்க விறுவிறுக்க ஒரு மணி நேரம் சோதித்திருக்கிறார், இனி சோதிக்க என்ன பாக்கி? எஞ்சின், கியர், சஸ்பென்ஷன், ஆர்.சி. புத்தகம், அவ்வளவுதான் பாக்கி.

சீட்டைப் பார்த்தே வண்டி எவ்வளவு ஓடியது என்று சொல்லிவிடலாமே என்பார்கள் அவர் கட்சிக்காரர்கள். நியாயமான பேச்சு. கூப்பேயில் சீட்டு தாழ்வாக இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டுபவரின் தொடை வெளிப்பக்கத்து மேட்டில் உரசும். மீட்டர் 40,000 கிலோமீட்டர் என்று சொல்லி, அந்த மேடு வெளுத்து வெடித்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். ஸ்டியரிங்கின் பளபளப்பும் பிரேக் மிதியின் ரப்பர் தேய்வும் கூடச் சேர்ந்தால் சாட்சி கெட்டிப்படும். ஆனால் இந்தச் சாட்சியைக் கலைப்பதில் கைதேர்ந்த ஊர் எது? அம்மைத் தழும்பும் கீறலும் விழுந்த தோலை பஃபிங்கில் தேய்த்து, நிறத்தையும் பைண்டரையும் ஸ்பிரே அடித்து, சூடான பிளேட்டில் அழுத்திப் புது கிரெயின் பதித்து, லாக்கர் பூசி அனுப்பினால் அதற்குப் பெயர் மோசடி இல்லை. கரெக்டட் கிரெயின், நாலு பேர் பிழைக்கும் தொழில். காரில் மாட்டிய சீட்டுக்குப் பிளேட் போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். உரசலாம், வெடிப்பை நிரப்பலாம், நிறம் அடிக்கலாம், மேல்பூச்சுக் கொடுக்கலாம். வாசனை வேண்டுமா, தோல் வாசனையே புட்டியில் விற்கிறது. எஞ்சினுக்கு இப்படி இளமை திருப்பும் ஸ்பிரே இன்னும் வரவில்லை. குறையை மறைக்கும் கலையில் முப்பது வருடம் ஊறியவர், மறைக்க மிகச் சுலபமான இடத்தில் போய் உண்மையைத் தேடுகிறார். “என் கண்ணுல மறைக்க முடியுமா?” என்று கேட்பார். முடியாதுதான். ஆனால் விற்பவர் மறைக்க நினைப்பது சீட்டை இல்லையே.

அந்தக் கையை ஒரே ஒரு முறை பானட்டின் மேல் வைக்கக் கூடாதா? வயதான எஞ்சின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து, காலையில் முதல் தடவை கிளம்பும்போதுதான் தன் நோயை வாய்விட்டுச் சொல்லும். டைமிங் செயினின் கலகலப்பு, புகைக்குழாயில் நீலப்புகை எல்லாம் அந்தச் சில நொடிகளில்தான். விவரமான விற்பனையாளர் நாம் வருமுன்பே ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். பானட் சுட்டால் ‘நாளைக்கு வருகிறோம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அதுவே வழி. மெர்சிடிஸ் சிஎல்எஸ் 350-ஐ எடுத்துக்கொள்வோம். (நான்கு கதவு வைத்த காரை 2004-இல் அவர்கள் கூப்பே என்று அறிமுகம் செய்தார்கள். கூப்பே என்றால் இரண்டு கதவுதான் என்று மல்லுக்கு நிற்பவர் வேறு ரகம். அவருக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) அதில் முதலில் வந்த எம்272 எஞ்சினில், அதிர்வைச் சமன் செய்யும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் சீக்கிரமே தேயும் என்று பெயர் கெட்டுப்போனது. சக்கரம் என்னவோ சின்னதுதான். அதை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் இன்னொரு கூத்து: காற்று கசிந்தால் ராத்திரியில் ஒரு பக்கம் மண்டி போட்டுப் படுத்துவிடும், காலையில் எஞ்சினைக் கிளப்பினால் கம்ப்ரசர் அதைத் தூக்கி நிறுத்திவிடும். நாம் போகும் நேரத்துக்கு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஸ்கேனர் மாட்டினால் தெரிந்துவிடாதா என்பீர்கள். பழுதுக் குறியீடுகளைக் காலையிலேயே அழித்துவிட்டிருந்தால் திரை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அழித்த வண்டியில் தன்சோதனைகள் ‘முடியவில்லை’ என்றே காட்டும், நாலைந்து விதமாக ஓட்டினால்தான் அவை நிறைவேறும். அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் போதும். ஆனால் அவருக்கு எங்கே இடம்? இவர்தான் சீட்டை விட்டு நகரவில்லையே.

காகிதம் பற்றி அவரிடம் பேசவே முடியாது. கர்நாடக எண் வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்துக்கொண்டால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். பதிவு 15 வருடத்துக்குத்தான். 2022 ஏப்ரல் முதல் இறக்குமதிக் காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 40,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பழைய கூப்பேக்களில் பல முழுதாக இறக்குமதியானவை. “அதெல்லாம் பாத்துக்கலாம்பா” என்பார். பார்த்துக்கொள்வது அவர் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் உண்டு, அதுதான் கனமானது. அவர் வந்தால் விலை குறைகிறதே! உண்மை. ‘ஸ்ப்ளிட் மேல பி.யு. அடிச்சது’ (அடித்தோலில் பிளாஸ்டிக் பூசியது) என்று அவர் உதட்டைப் பிதுக்கினால் பெங்களூர்க்காரர் கலங்கிப்போய் ஐம்பதாயிரத்தைக் குறைப்பார். வாங்குபவருக்கு அது வெற்றியாகத் தெரியும். ஆனால் விற்பவருக்கு ஐம்பதாயிரம் குறைத்தது வலிப்பதில்லை. பேச்சு எஞ்சின் பக்கம் திரும்பாமல் முடிந்ததே என்ற நிம்மதிக்கு அது சின்ன விலை. இதற்குப் பொருந்தும் தீர்ப்பு ஒன்று நம் வட்டாரத்திலேயே உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் இந்த வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு கொள்கைகளை உறுதி செய்தது: கேடு வருமுன் தடுக்க வேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். நாடெங்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் வேலூரின் பெயரோடு படிக்கும் தீர்ப்பு அது. முதல் கொள்கையைக் கார் வாங்குவதற்கு நீட்டினால் மெக்கானிக் கிடைப்பார். இரண்டாவதை நீட்டினால், எஞ்சின் இறங்கும் நாளில் பாதிப் பில் இவர் வீட்டுக்குப் போக வேண்டும். போகாது. அன்றைக்கு வந்து, இறக்கி வைத்த எஞ்சினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அன்னிக்கே சொன்னேனே, சீட்டு நல்லா கீதுன்னு” என்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இங்கே பதனிட்ட தோல் ஷூவாகி ஐரோப்பாவுக்குப் போகிறது. போன தோலை அங்கே யார் தடவிப் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று இவருக்குச் செய்தி வந்ததே இல்லை. குறை சொல்லித் திருப்பி அனுப்பிய சரக்குதான் வந்திருக்கிறது. எதிர்த்திசையில், ஒரு ஜெர்மன் காரின் சீட்டாக, அவர்கள் ஊர்த் தோல் இவர் விரலுக்கு எட்டுவது எப்போதாவது ஒருமுறை. அதில் ஓர் உண்ணித் தழும்பைக் கண்டுபிடிக்கும்போது அவர் முகம் மலர்வதைக் காரைப் பற்றிய அக்கறை என்று நாம் எடுத்துக்கொள்வது நம் தப்பு.

அவர் மூக்குக்கும் வேலை இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் மிதந்தன. 2022 செப்டம்பரில் பெங்களூரின் கோடீஸ்வரக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து, சொகுசுக் கார்கள் கண்ணாடி மட்டம் வரை மூழ்கி நின்ற படங்களை எல்லோரும் பார்த்தோம். அப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வராமல் இருக்காது. சீட்டை மாற்றிவிடலாம், கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் பஞ்சில் ஊறிய நாற்றம் லேசில் போகாது. ஈரத்தோலில் பூஞ்சை பிடிப்பதை ஆள் உயரக் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றே கண்டுபிடிக்கிற மூக்கு அது. அதைச் சீட்டில் வைத்து வீணடிக்கிறார்.

ஆகவே கார் வாங்கப் போகிறவர்களே, அவரைக் கூட்டிப் போங்கள், மெக்கானிக்கையும் கூட்டிப் போங்கள். சீட்டைத் தடவ அவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், மறுத்த பாவம் நமக்கு வேண்டாம். முடிந்ததும் மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பி, மோந்து பார்க்கச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று அந்தக் கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது அவரைப் பின்சீட்டில் ஏற்றுங்கள். கூப்பேயின் பின்சீட்டில் முழங்கால் மோவாயைத் தொடும், பேச்சு வராது. எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கும்.