பத்து லிட்டர் பெட்டி, கால் லிட்டர் தண்ணீர்

சின்ன கேபினெட், அதற்குள் வாட்டர் கூலிங்: வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். மீதிப் பாதி ஜாதகம் பற்றி. அதற்கு வேறு பக்கம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் கேபினெட்டை ஏன் லிட்டரில் சொல்கிறார்கள்? உள்ளே ரசமா ஊற்றப் போகிறார்கள்? (திருச்சி வாசகர்)

நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண் சொன்னால் யாருடையது சின்னது என்று சண்டை போட முடியாது. பெருக்கி ஒரே எண்ணாக்கிவிட்டால் தாராளமாகப் போடலாம். மேஜைக்கடியில் நிற்கும் சாதாரண டவர் 40, 50 லிட்டர் வரும். 20-க்குக் கீழே இறங்கினால்தான் இந்த வட்டாரத்தில் ‘சின்னது’ என்று ஒப்புக்கொள்வார்கள். என்கேஸ் எம்1 என்ற கேபினெட் 12 லிட்டர் சொச்சம். 2016-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்த டேன் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் 7.2 லிட்டர்தான், பெரிய கிராபிக்ஸ் கார்டே அதற்குள் படுத்துக்கொள்ளும். அளவில் ஒரு சூட்சுமமும் உண்டு. அடியில் இருக்கும் ரப்பர் காலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு வயது சொல்வது மாதிரி.

தண்ணீரே குளிர்ச்சிதானே, ரேடியேட்டர் எதற்குத் தண்டமாக? (வேலூர் வாசகர்)

வேலூர் வெயிலில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! கணக்குப் போடுவோம். சின்ன கேபினெட்டின் சுற்றில் கால் லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 500 வாட் சூட்டைக் கக்குகின்றன. ரேடியேட்டர் இல்லையென்றால், உலோகம் உறிஞ்சுவதை விட்டுவிட்டால், தண்ணீர் வினாடிக்குக் கிட்டத்தட்ட அரை டிகிரி ஏறும். 34 டிகிரி அறையில் தொடங்கினால் ஒரே நிமிடத்தில் 60-ஐத் தாண்டிவிடும். இந்தச் சுற்றுகளில் போடும் டி5 பம்புக்கு அந்த 60 டிகிரிதான் எல்லை.

ஆக, தண்ணீர் எதையும் குளிர்விப்பதில்லை. சூட்டை இங்கே வாங்கி அங்கே கொடுக்கிறது. காற்றிடம் அதை ஒப்படைப்பது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள். அறைக் காற்றைவிடத் தண்ணீர் 10 டிகிரி மட்டும் கூடுதலாக நின்றால் அருமையான வடிவமைப்பு. சின்னப் பெட்டியில் 15 ஆனாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அறையைவிடக் கீழே ஒருநாளும் போகாது.

தண்ணீர் முதலில் பிராசஸருக்குப் போக வேண்டுமா, கார்டுக்கா? நண்பர்களுக்குள் பந்தயம். (நாகர்கோவில்)

பந்தயப் பணத்தை எனக்கு அனுப்பிவிடுங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் சுற்றில் 500 வாட் சூடு சேர்ந்தாலும், அதிகச் சூடான இடத்துக்கும் குறைந்த சூடான இடத்துக்கும் வித்தியாசம் இரண்டரை டிகிரிதான். எந்த வழியில் டியூப் குட்டையாக, மடங்காமல் போகுமோ அந்த வழியே சரி.

சொந்தமாக 10 லிட்டர் வாட்டர் கூலிங் கேபினெட் வரைய ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? (ஈரோடு, பொறியியல் மாணவர்)

முன்பக்கத்தில் உங்கள் பெயரை எந்த எழுத்தில் பொறிப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பலரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் ரேடியேட்டர். இரண்டு 120 மி.மீ. ஃபேன் உட்காரும் 240 ரேடியேட்டர், பெயருக்குத்தான் 240. இரு முனையிலும் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் நீளம் 275-ஐத் தொடும். தடிமன் 30, ஃபேன் 25, மொத்தம் 55 மி.மீ. இது மட்டுமே 1.8 லிட்டர். மினி-ஐடிஎக்ஸ் போர்டு 170-க்கு 170. 2001-ல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு, இன்றும் மாறவில்லை. அதன் மேல் வாட்டர் பிளாக் (சிப்பின் சூட்டைத் தண்ணீருக்குக் கைமாற்றும் கட்டி), ரேம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் எஸ்எஃப்எக்ஸ் அளவில்: 125, 63.5, 100. முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஃபேன்களைக் கழற்றிவிட்டு பிளாக் மாட்டிய கார்டு ஒரு லிட்டருக்குள் அடங்கும்.

கூட்டிப் பாருங்கள். ஐந்து லிட்டர்தான் வருகிறது. அப்படியானால் ஐந்தரை லிட்டரில் கேபினெட் செய்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் காலை வாரும். மிச்ச ஐந்து லிட்டர் ஒயருக்கும் டியூபுக்கும் உங்கள் விரலுக்கும். 13 மி.மீ. டியூப் நினைத்த இடத்தில் மடங்காது. மடக்கினால் நசுங்கி ஓட்டம் நின்றுவிடும். மூலைக்கு மூலை 90 டிகிரி ஃபிட்டிங் போட்டால் ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் தின்னும். கார்டுக்குப் போகும் 12 வோல்ட் பவர் கேபிளை, கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை வளைக்காமல் நேராக விடச் சொல்கிறார்கள். பக்கவாட்டு மூடி அதை அழுத்தினால் கனெக்டர் உருகுகிற கதைதான். இதெல்லாம் கம்ப்யூட்டரில் வரையும்போது கண்ணுக்குத் தெரியாது. அங்கே டியூபுக்கு முதுகெலும்பே கிடையாது, ஸ்க்ரூ டிரைவருக்குக் கைப்பிடி கிடையாது.

ஆகவே ரேடியேட்டர், அப்புறம் டியூப் போகும் பாதை, அப்புறம் கை நுழையும் வழி. இந்த மூன்றையும் வரைந்த பிறகு போர்டையும் கார்டையும் முதுகோடு முதுகாக வைத்து, இடையே இரண்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் கொடுங்கள். பிசிஐஇ 4.0-க்குத் தாங்காத ரைசர் என்றால் திரை மினுக்கும், அணையும்; பயாஸில் 3.0 என்று இறக்கி வைத்துப் பாருங்கள். கேம் ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று. பிராசஸரின் ஃபேனை எடுத்துவிட்டால், அது சும்மா போகிற போக்கில் ஊதிக்கொண்டிருந்த, பிராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் விஆர்எம்-மும் எஸ்எஸ்டியும் அநாதை. ரேடியேட்டரின் சூடான காற்றைப் பெட்டிக்குள்ளேயே விட்டால் அவை வெந்துபோகும். காற்று பக்கவாட்டில் நுழைந்து, போர்டைத் தடவிக்கொண்டு, ரேடியேட்டர் வழியாக மேலே வெளியேறட்டும். தண்ணீர் இரண்டு டிகிரி கூடும், பரவாயில்லை.

லேசர் கட்டிங் பட்டறையில் என் டிராயிங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். (கோவை, கணபதி)

தகட்டை மடித்தால் அளவு மாறும் என்பதை மறந்திருப்பீர்கள். ஒன்றரை மி.மீ. அலுமினியத்தில் ஒவ்வொரு 90 டிகிரி மடிப்புக்கும், வெளி அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டரை மி.மீ. சுமாராகக் கழிக்க வேண்டும். சரியான எண் அவர்களுடைய பெண்டிங் மிஷினுக்குத்தான் தெரியும். டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். இரண்டு மடிப்பு இருந்தால் 5 மி.மீ. பிசகு, மூடி மூடாது. மடிப்புக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டிருந்தால் அது முட்டை வடிவமாகும். 6061-டி6 கெட்டியான ரகம் என்று கேட்டிருந்தால், நெருக்கி மடிக்கும்போது விரிசல் விடும். 5052 கேளுங்கள், சொன்னபடி வளையும்.

பவுடர் கோட்டிங்கையும் வரைபடத்தில் சேருங்கள். ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான். மூடியை மாட்டும் தகட்டு நாக்கு தடிக்கும், அது நுழையும் துளை சுருங்கும். இரண்டும் சேர்ந்து கால் மி.மீ.க்கு மேல். இடைவெளியே விடாமல் வரைந்திருந்தால் சுத்தியல் எடுக்க வேண்டியதுதான். எம்3 மரைகளை டேப் ஒட்டி மறைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

அதற்கு முன் 3டி பிரிண்டரில் மாதிரி அடித்துப் பார்க்கலாமா? (அதே கணபதி, அடுத்த நாள்)

இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம். தாராளமாக அடியுங்கள். பிஎல்ஏ மட்டும் 60 டிகிரிப் பக்கம் போனால் இளகும், ரேடியேட்டர் ஓரமாக வைத்து ஓட்டாதீர்கள். அதற்கும் முன்னால் அட்டைப்பெட்டியை வெட்டி, ரேடியேட்டர் அளவுக்குத் தெர்மோகோல் வைத்துப் பாருங்கள். விரல் நுழைகிறதா என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும்.

கேன் வாட்டர் ஊற்றலாமா? (தாம்பரம்)

குடிக்கலாம்.

சரி, எதைத்தான் ஊற்றுவது? (தாம்பரம், மறுபடியும்)

டிஸ்டில்டு வாட்டர், அதில் துருவையும் பாசியையும் தடுக்கும் மருந்து. அல்லது கலந்தே விற்கும் கூலன்ட். ரேடியேட்டர் விலை மலிவாக இருக்கிறதே என்று அலுமினியத்தில் வாங்கி, செம்பு பிளாக்கோடு ஒரே சுற்றில் இணைத்தால் அது பேட்டரி ஆகிவிடும். அலுமினியம் கரைந்துகொண்டே வரும். செம்பென்றால் எல்லாம் செம்பு. நிக்கல் பூசியிருந்தாலும் சரி.

கரண்டும் தண்ணீரும் ஒரே பெட்டியில். கசிந்தால்? (மதுரை வாசகி)

நியாயமான பயம். ஆப்பிள் 2004-ல் விட்ட இரட்டை 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5-ல் தண்ணீர்க் குளிர்விப்பு இருந்தது; சில வருடம் கழித்து அவற்றில் பல கசிந்து, போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அரித்தன. வரையும்போதே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நேர் மேலே எந்த ஜாயின்ட்டும் கூடாது. தண்ணீரை இறக்கும் வாய் கீழே, நிரப்பும் வாய் உச்சியில். பம்ப் உச்சியில் இருக்கவே கூடாது. காற்று மேலே ஏறி அங்கே தங்கி, பம்ப் வெறும் வாயை மென்றுகொண்டிருக்கும். தண்ணீர் விடுவதற்கு முன், சுற்றில் காற்றடித்து மீட்டர் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். முள் நின்றால்தான் தண்ணீர்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டால் தண்ணீர் ஓடுவது அழகாகத் தெரியுமே? (புதுச்சேரி)

தெரியும். காற்றும் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்.

இத்தனை பாடு எதற்கு? ஃபேன் போதாதா? (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பெரும்பாலானவர்களுக்குப் போதும், ஐயா. 65 வாட் பிராசஸருக்குத் தண்ணீர் ஓட்டுவது வீண் செலவு. ஃபேனே வேண்டாம் என்று 2000-ல் ஆப்பிள் ஒரு ஜி4 கியூப் செய்தது. அழகோ அழகு, மறு வருடமே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆர்டிஎக்ஸ் 5090 மாதிரி 575 வாட் கேட்கும் கார்டைப் பத்து லிட்டருக்குள் வைத்தால், அதன் ஃபேன் சூட்டைப் பெட்டிக்குள்ளேயே கொட்டும். சூடு எந்தப் பக்கமாக வெளியே போக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம் என்பதுதான் தண்ணீரில் உள்ள ஒரே லாபம். அந்த லாபம் தேவைப்படாதவர் ஒரு நல்ல ஃபேன் வாங்கி, மிச்சக் காசில் ஸ்பீக்கர் வாங்கலாம்.

எல்லாம் செய்து முடித்தாயிற்று, நன்றாக ஓடுகிறது. அடுத்த வருடம் புதுக் கார்டு வந்தால் மாற்றுவது சுலபம்தானே? (ஈரோடு மாணவரே)

தண்ணீரை இறக்க வேண்டும், டியூபைக் கழற்ற வேண்டும், மறுபடி காற்றடித்துச் சோதிக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. வாட்டர் பிளாக் ஒவ்வொரு கார்டின் பலகைக்கும் தனியாகச் செய்தது; பழையது புதியதில் உட்காராது. அதை விற்கலாமென்றால், வாங்குகிறவரிடமும் அச்சு அசல் உங்களுடைய பழைய கார்டே இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தால் கார்டையும் சேர்த்து அவர் தலையிலேயே கட்டிவிடுங்கள்.