பேய்க்கு எந்த ஊர்?

திருவனந்தபுரத்தில் குடியேறும் தமிழன், 'சந்திரமுகி' தனக்குப் பிடித்த படம் என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது. கரமனைக்கு வந்த புதிதில் நான் சொல்லித் தொலைத்தேன். அதுவரை "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று உருகிய வீட்டுக்காரச் சேட்டன், கட்டன் சாயாவைத் திண்ணையில் வைத்துவிட்டு, அந்தப் படத்தின் மலையாள மூலத்திலிருந்து விசாரணையைத் தொடங்கினார்.

"மணிச்சித்திரத்தாழில் லாலேட்டன் எப்போ வரும்?"

"பாதிப் படம் கழிச்சு."

"ரஜினியோ?"

வந்ததும் அடிதடி, அடுத்து பாட்டு என்று எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்தேன். கதைக்காகப் பாதிப் படம் காத்திருந்த மோகன்லால் எங்கே, கதையைக் காக்க வைத்த ரஜினி எங்கே என்பது வழக்கு. 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது என்று வாதாடிப் பார்த்தேன். "சரக்கு வண்டியும் ஓடும், அண்ணாச்சி."

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. 'மணிச்சித்திரத்தாழ்' 1993இல் பாசில் எடுத்த படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. டிவியில் எத்தனை முறை போட்டாலும் இந்த ஊரில் சமையலறை அடுப்பு அணையும். 2023 நவம்பரில் கேரளீயம் விழாவுக்காகக் கைரளி தியேட்டரில் திரையிட்டபோது, கூட்டம் தாங்காமல் கூடுதல் காட்சி போட வேண்டியதாயிற்று. முப்பது வருஷமாக முடிவு தெரிந்த மர்மக் கதைக்கு வரிசையில் நிற்கிறவர்களிடம் ரீமேக் பற்றிப் பேசுவது ஆபத்து.

ஆனால் சேட்டனிடம் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் படத்துப் பேய் நாகவல்லி எந்த ஊர்? தஞ்சாவூர். பேசுவது? தமிழ். அந்தக் குரலும் துர்கா சுந்தரராஜன் என்ற தமிழ் டப்பிங் கலைஞருடையது. படத்தில் தலைகாட்டும் பத்மநாபபுரம் அரண்மனைகூட, பராமரிப்பு கேரள அரசு என்றாலும், 1956 முதல் கன்னியாகுமரி மாவட்டத்து மண். பேய் எங்களுடையது, அரண்மனை நிற்பது எங்கள் ஊரில், ரீமேக் எடுத்தால் மட்டும் குற்றமா?

எங்களுக்கும் அது சொந்தப் பேய் ஆகவில்லை என்பதுதான் விசேஷம். சந்திரமுகியைத் தெலுங்கு பேச வைத்தோம். கன்னட 'ஆப்தமித்ரா'விலும் அது தெலுங்குதான் பேசிற்று. இந்திக்குப் போனதும் வங்காளியாகிவிட்டது. 'சந்திரமுகி'யைத் தெலுங்கில் டப் செய்தபோது 'ரா ரா' பாட்டு 'வாராய்' ஆகி, அம்மணி ஊரெல்லாம் சுற்றித் திரும்பவும் தமிழச்சியானாள். எந்த மாநிலமும் தன் வீட்டில் பேய் பிறந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. எப்போதும் வேற்று மாநிலத்துப் பெண்தான், அதுவும் நாட்டியக்காரி.

சேட்டன் இதற்கு அசரவில்லை. இந்தியில் அக்‌ஷய் குமாரை வைத்து 'பூல் புலையா' எடுத்தது யார் என்று கேட்டபோதுதான் குரல் தாழ்ந்தது. "நம்ம பிரியன்." திருவனந்தபுரத்துக்காரர், மூலப்படத்திலேயே இரண்டாம் யூனிட் இயக்குநராக வேலை பார்த்தவர். வெளியூர்க்காரன் கைவைத்தால் கொலை, உள்ளூர்க்காரன் கைவைத்தால் பரிசோதனை. அதே பிரியதர்ஷன் 2013இல் மோகன்லாலின் டாக்டர் சண்ணியை மறுபடி அழைத்து வந்த 'கீதாஞ்சலி' பற்றிக் கேட்டால் மட்டும், மழை வரும்போலிருக்கிறது என்று துணி எடுக்கப் போய்விடுவார்.

2023 செப்டம்பரில் 'சந்திரமுகி 2' வந்தது. கங்கனா ரணாவத் சந்திரமுகி. படம் பார்த்துத் திரும்பியவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சேட்டனிடம் பொரிந்து தள்ளினேன்: இப்படியா கெடுப்பது, இருந்ததை இருந்தபடி விட்டால் என்ன, யார் கேட்டது இவர்களை! பாதியில் எனக்கே சந்தேகம் வந்தது, பேசுவது நானா, அவரா?

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜோதிகா ஆயிருந்நு சரியான சந்திரமுகி. என்னா கண்ணு! என்னா ஆட்டம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சேட்டா, நீங்க அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தீங்க?"

"குற்றம் கண்டுபிடிக்கணும் அல்லே?" என்றார் சேட்டன்.