தொலைத்திரை இணையாமை: மூன்று காரணம் கூறும் நூற்பாவுக்கு ஓர் உரை, கோல சிலாங்கூர் வட்டாரத்தை முன்வைத்து

இதுவரை எவரும் உரை காணாத நூற்பா ஒன்று எஞ்சியிருக்கிறது. தொலைவிலுள்ள கணினியைத் தம் திரையில் திறக்க முயன்று தோற்றோர் அனைவரும் அதைக் கண்டிருப்பர். விண்டோஸ் அருளிய அந்நூற்பாவின் சாரம் இது: இணைய முடியாமைக்குக் காரணம் மூன்று, ஒன்று, அங்கே தொலைநுழைவுக்கு அனுமதி இல்லை, இரண்டு, அக்கணினி அணைக்கப்பட்டிருக்கிறது, மூன்று, அது வலையில் இல்லை. மூன்றில் எது என்பதை மட்டும் சொல்லாது. சொல்லியிருந்தால் உரையாசிரியருக்கு வேலை இருந்திராது. ஆகவே இது நூலின் செறிவே அன்றிக் குறை அன்று.

ஆய்வு எல்லை: வடக்கே சபாக் பெர்ணம், கிழக்கே கெர்லிங், மேற்கே மலாக்கா நீரிணை. ஆய்வுத் தரவு: ஈஜோக்கில் ஒரு கணினி. ஒரே கல்வெட்டை வைத்துக்கொண்டு பேரரசின் நான்கெல்லையும் வரைந்த பேரறிஞர்கள் நம்மிடையே இருக்கையில் ஒரு கணினி என்பது தாராளம். தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டு முன்னறையில் அது இருக்கிறது. மரண சகாய நிதியின் கணக்கு அதற்குள் கிடக்கிறது. கணக்கைச் சரிபார்க்க வேண்டிய மகன் ஷா ஆலாமில் இருக்கிறார். தாயாரைத் தகவலாளி 1 என்றும் தந்தையாரைத் தகவலாளி 2 என்றும் இவ்வாய்வு சுட்டும்.

ஐந்திணையைப் பொருத்திக் காட்டாமல் தமிழில் எந்த ஆய்வும் நிறைவடையாது; அதை விரைவாக முடித்துவிடுவோம். செகிஞ்சான் வயல் மருதம். கோல சிலாங்கூர் முகத்துவாரம் நெய்தல். கெர்லிங் பக்கத்து மலையடிவாரம் குறிஞ்சி. இடையில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் செம்பனைக்குத் தொல்காப்பியர் திணை வகுக்கவில்லை. கணினி இருப்பதோ அங்கேதான். எனவே திணைமயக்கம்.

இக்கலையின் தோற்றத்தை மேலைநாட்டார் 1998இல் வைப்பர், விண்டோஸ் என்.டி. 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பு வெளிவந்த ஆண்டு அது. ஏற்பதற்கில்லை. எதுவாயினும் நம்மவர் முன்பே செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வறத்தின் முதல் விதி. இரப்பர் காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றை லண்டனில் அமர்ந்த இயக்குநர் குழுக்கள் கடிதத்தாலும் தந்தியாலும் நடத்தவில்லையா? கேள்வி கப்பலேறும், பதில் கரையிறங்கும்வரை திரை உறைந்தே நிற்கும். பிறகு துரை கையெழுத்துப் போடுவார். எல்லா வேலையையும் செய்தவர் கிராணி (தகவலாளி 2, வாய்மொழி, சாய்வு நாற்காலி).

முதற்காரணம், அனுமதியின்மை. அமைப்புகளில் ஒரு பொத்தானைத் திருப்பினால் தீரும், விண்டோஸ் புரோவாக இருந்தால். ஹோம் பதிப்பு பிறர் வீட்டுக்குப் போகும், தன் வீட்டுக்குள் எவரையும் விடாது. திறக்கும் வாசலின் எண் 3389. இலக்கங்களைக் கூட்டினால் 23, அதையும் கூட்டினால் 5. ஐந்தெழுத்து, ஐம்பூதம், ஐம்பெருங்காப்பியம் என்று இதை நிறுவ ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கும், ஐ.எஸ்.எஸ்.என். எண் போட்ட மலரும், கட்டணம் கட்டியவர்க்கு ஒரு துணிப்பையும் போதும். அந்த வாசலை நேரே இணையத்துக்குத் திறந்து வைப்பவர் கள்வனுக்குக் கோலம் போடுபவர். 2019இல் வெளிப்பட்ட புளூகீப் என்னும் ஓட்டை, பழைய விண்டோஸ்களில் கடவுச்சொல்லே இல்லாமல் ஆளை உள்ளே விடக்கூடியதாக இருந்தது. வி.பி.என். வழியே போவதே சான்றோர் வழக்கு.

மூன்றாம் காரணத்தை இங்கே இரண்டாவதாகக் கொள்கிறோம். வைப்புமுறையை மாற்றாதவர் உரையாசிரியரே அல்லர். வலையில் இல்லை என்பது பல வேளை பழைய முகவரியில் இல்லை என்பதே. மோடம் அணைந்து எழும்போது வீட்டு இணையத்தின் முகவரி மாறிவிடக்கூடும். பெயர்ப்பதிவோ பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். இதற்கு வட்டாரச் சான்று பெஸ்தாரி ஜெயா (மூத்தோர் வழக்கில் பத்தாங் பெர்ஜுந்தை) அருகிலுள்ள தென்னமரம் தோட்டம். பெயரை நம்பிப் போனால் கிடைப்பது செம்பனை. ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கெனச் செம்பனை பயிரிட்ட இடம் அதுதான். நூறாண்டு கடந்தும் பெயர்ப்பதிவைப் புதுப்பித்தவர் இல்லை.

இனி இரண்டாம் காரணம். அணைக்கப்பட்டிருக்கிறது என்று நூற்பா நழுவுகிறது. யாரால்? எழுவாயைக் கண்டுபிடிக்க நெடிய களப்பணி தேவைப்படவில்லை: “இடி இடிச்சா பிளக்கப் புடுங்கிருவேன்” (தகவலாளி 1, வாய்மொழி, அடுப்படி). பிற்பகல் இடிக்குச் சிலாங்கூரில் பஞ்சமில்லை. செம்புக் கம்பி வழியே பாய்ந்து வரும் மின்னெழுச்சி மோடத்தைக் கருக்கும் என்பதும், பிளக்கைப் பிடுங்குவதைவிட உறுதியான காப்பு இல்லை என்பதும் பொறியியலுக்கு உடன்பாடே. சிக்கல் இடியில் இல்லை, இடியின் வகைகளில் இருக்கிறது. முதலாவது, இடித்த இடி. அடுத்தது, தொலைக்காட்சித் தொடரில் மாமியார் முகம் திரும்பும்போது இடிக்கும் இடி. மூன்றாவது, செம்பனைக் குலை ஏற்றிய லாரி பாலத்தில் ஏறும் ஓசை, இதற்கும் பிளக் பிடுங்கப்பட்டது உண்டு (தகவலாளி 1, மேற்படி, தாளிப்புக்கு நடுவே, ஒலிப்பதிவில் கடுகு வெடிக்குமிடத்தில் சில சொற்கள் சிதைந்துள்ளன). நான்காவது, இடிக்கப்போவதாகக் கேள்விப்பட்ட இடி (எதிர்வீட்டு அக்கா, வாய்மொழி, வேலிக்கு அப்பாலிருந்து, தம் மருமகன் சொன்னதாகச் சொன்னது, மருமகன் பாசார் மாலாமில் அப்பம் வாங்கும்போது முன்னால் நின்றவர் சொல்லக் கேட்டது, மூலப்படி கிடைக்கவில்லை, மூவர் கூற்றிலும் பாடபேதமே இல்லாமையால் பெரிதும் ஐயுறத்தக்கது). இடியே இல்லாத பிடுங்கலும் உண்டு. அதே துளையில் இஸ்திரிப் பெட்டியையும் செருக வேண்டியிருக்கிறது.

இனித்தான் நுட்பம். அணைந்திருக்கிறதா என்பதை ஷா ஆலாமில் இருப்பவர் எப்படி அறிவது? சித்தாந்திகள் அளவையை மூன்றாகச் சுருக்குவர்: காட்சி, கருதல், உரை. காட்சி கிடைக்கத்தான் இத்தனை பாடு, எனவே அது இல்லை. கருதலுக்குப் பிங் உண்டு. புகை கண்டு நெருப்பைத் துணிவதுபோல், மறுமொழி கண்டு கணினி விழித்திருப்பதைத் துணியலாம். ஆனால் ஃபயர்வால் என்னும் தீச்சுவர் பல வேளை பிங்குக்கு வாய் திறவாது. நெருப்பு எரிகிறது, புகை இல்லை. தருக்க நூலார் கனவிலும் காணாத அடுப்பு இது.

எஞ்சுவது உரையளவை, அதாவது அம்மாவிடம் கேட்பது.

“லைட்டு எரியுதாம்மா?”

“எரியுதுடா.”

“எந்த லைட்டு?”

“பச்ச லைட்டு.”

அது மோடத்தின் விளக்கு. மறுநாள் சொன்னது மானிட்டர் விளக்கு. அதற்கடுத்த நாள் சொன்னது சுவரிலிருந்த சாமி படத்து விளக்கு. மூன்றும் வாய்மையே, உரையளவையில் பிழையில்லை, கேட்டவர் கேள்வியில்தான் அடைமொழி போதவில்லை. கணினி வெறுமனே உறங்கியும் இருக்கலாம். அணைதலையும் உறங்குதலையும் நூற்பா ஒன்றாகவே கொள்ளும். உறங்குவதைத் தொலைவிலிருந்து எழுப்ப வேக்-ஆன்-லேன் என்றொரு வித்தை உண்டு. பிளக் பிடுங்கியதை மீட்கும் வித்தை சாவித்திரி ஒருத்திக்கே தெரியும்.

இணைந்த பின்னும் துன்பம் ஓய்வதில்லை. மகன் தொலைவிலிருந்து உள்ளே நுழைந்தால், முன்னறைத் திரை பூட்டிக்கொள்ளும். தந்தையார் “ஹேங் ஆயிருச்சு” என்று முடிவுகட்டிக் கடவுச்சொல்லைத் தட்டுவார்; அக்கணமே மகன் வெளியே தள்ளப்படுவார். மகன் திரும்ப நுழைய, தந்தை பூட்டப்படுவார். ஒரு மேசைக்கு ஒருவரே என்பது விண்டோஸ் விதி. ஒரே நிதியின் கணக்கை இருவரும் மாறி மாறிப் பாதி பாதியாகத் திருத்திய மாதத்தில் எந்தத் தொகை யாருடையது என்பதைப் பதிப்பாசிரியர் ஒருவரை அமர்த்தித்தான் தீர்க்க முடிந்தது.

நூற்பாவில் இல்லாத நான்காம் காரணம் ஒன்றையும் களத்தில் பதிவு செய்தோம். “இருக்குறது ஷா ஆலாம். ஒரு மணி நேரத்துல வந்துறலாம். அவனுக்கு வர மனசில்ல, அதுக்கு எதுக்கு இவ்ளோ மிசினு?” (தகவலாளி 1, வாய்மொழி, பிளக் கையில் இருக்க.) மூலபாடத்தில் காணப்படாமையானும், கூறியவர் துறைசார் பட்டம் பெறாமையானும், இஃது இடைச்செருகல் எனத் தள்ளப்பட்டது.