எங்களையும் சரக்காகப் பதிவு செய்க

பெறுநர்: தலைவர் அவர்கள், வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையம், தூத்துக்குடி.

பொருள்: ஒரு கார், ஒரு கூடாரம், நான்கு ஆட்கள் ஆகியவற்றை நெடுந்தீவுக்கு ஏற்றுமதி செய்ய அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: கடல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

ஊர்க்காரன் எழுதுகிறேன். மகனுக்குக் கோடை விடுமுறை வருகிறது. கொடைக்கானல் வேண்டாம், குற்றாலத்தில் தண்ணீர் விழவில்லை, கூடாரம் ஒன்று வாங்கியாகிவிட்டது. காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வடக்கே ஒரு தீவுக்குப் போய் நட்சத்திரம் பார்த்துப் படுக்க வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. தீவு எது என்பதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம். கடைசியில் ஆச்சி சொன்னதே நின்றது: நெடுந்தீவு.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக் நீரிணைக்குள் தள்ளிக் கிடக்கும் அந்தத் தீவைத் தாங்கள் கடல் வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கீசியர் காலத்துக் குதிரைகளின் வாரிசுகள் அங்கே கடிவாளம் இல்லாமல் திரிகின்றன. வீட்டு வேலிகள் பவளக்கல்லை அடுக்கி எழுப்பியவை. ஆப்பிரிக்காவில் பிறந்திருக்க வேண்டிய பெருக்குமரம் ஒன்று வயிறு பெருத்து நிற்கிறது. அடிக்கோலை வைத்து அளந்தால் தூத்துக்குடியிலிருந்து இருநூறு கிலோமீட்டர் கூட இல்லை. மதுரை போய்த் திரும்புவதை விடக் குறைவு.

ஆனால் அடிக்கோலில் கார் ஓடாது என்பதை அனுபவத்தில் அல்ல, விசாரிப்பில் தெரிந்துகொண்டோம். இன்றைய வழி இது. வேம்பார், சாயல்குடி, ராமநாதபுரம், தொண்டி, மணமேல்குடி என்று கடலை வலக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு நாகப்பட்டினம் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அங்கே காரை நிறுத்திவிட வேண்டும். காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் ஆட்களைத்தான் ஏற்றும், காரை ஏற்றாது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி பிரதமரே தொடங்கி வைத்த அந்தச் சேவையில் ‘செரியபாணி’ என்ற கப்பல் ஓடியது. வடகிழக்குப் பருவமழையைக் காரணம் சொல்லி ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். அக்டோபரில் நாகப்பட்டினத்துக் கடலில் மழை வரும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது போலும். 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ வந்தாள். அவளும் கடல் சொன்னபடி கேட்டுத்தான் போகிறாள். இறங்கிய பின் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் துறை, அங்கிருந்து இன்னொரு படகு. கூடாரம், அடுப்பு, அரிசி, ஆச்சி எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு.

இதை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் என் மச்சான் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்க்கிறவன். “அத்தான், நம்ம துறைமுகத்துலேர்ந்து கண்டெய்னர் ராத்திரி கிளம்புனா மறுநாள் கொழும்புல இறங்கிருதே!” என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டான். திருப்பூர் பனியன் போகிறது. இறால் ஐஸ் குளிரில் போகிறது. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி உலகம் சுற்றவும் போகிறது. தெரு நீளத்துக்குக் காற்றாலை இறக்கைகள் தங்கள் துறைமுகத்திலிருந்து கடல் தாண்டுகின்றன. மச்சான் சொல்லச் சொல்ல ஒன்று விளங்கியது: இந்தக் கரையிலிருந்து கொழும்புக்குப் போக முடியாத ஒரே பொருள் மனிதன்.

ஆகவே, ஐயா, மனிதர்கள் என்ற தகுதியிலிருந்து எங்களை விடுவித்து, நால்வரையும் பொதுச் சரக்காகப் பதிவு செய்துகொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விவரங்கள் தயாராக இருக்கின்றன. மனைவியின் எடையைப் படிவத்தில் எழுத அவள் சம்மதிக்கவில்லை; காரோடு சேர்த்து மொத்த எடையாகப் போட்டுக்கொள்ள முடியுமா? ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டதால் ‘நொறுங்கும் பொருள், கவனம்’ என்ற ஒட்டுத்தாள் தேவைப்படும். எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி போட வேண்டாம், அதை அவளே சொல்லிவிடுவாள். மகன் கெட்டுப்போகும் சரக்கு. கைபேசி சமிக்ஞை இல்லாமல் ஆறு மணி நேரம் தாங்க மாட்டான். குளிர்ப்பெட்டி கேட்கவில்லை. இறாலுக்குக் கிடைக்கும் சொகுசு எங்களுக்கு எதற்கு? சாதாரண இருபதடிப் பெட்டி, ஒரு மின்விசிறி, கதவில் சின்னதாக ஒரு ஓட்டை போதும். வழிக்கு ஒரு டப்பா மக்ரூன் எடுத்துக்கொள்வோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் மட்டுமே. சுங்கத்துறை சோதித்துப் பார்க்க விரும்பினால் இரண்டு எடுத்துக்கொள்ளலாம், டப்பாவை மட்டும் திருப்பித் தந்தால் சரி.

இப்படி ஒரு விண்ணப்பம் தங்கள் மேசைக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். அதற்கும் காரணம் இருக்கிறது. தங்கள் வாசல் பலகையில் யார் பெயர் எழுதியிருக்கிறது? 1906இல் இதே ஊரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கியவர் பெயர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கி அவர் எதை ஏற்றினார்? சரக்கை மட்டுமா? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஆட்களை ஏற்றினார். வெள்ளைக்காரனின் பி.ஐ. கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, கடைசியில் பயணிகளுக்கு இலவசம் என்று அறிவித்துக் கையில் ஒரு குடையும் கொடுத்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள். கொழும்புக்குச் சும்மா போகலாம், குடையும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு காலம் இந்தக் கரையில் இருந்திருக்கிறது! இன்றைக்குக் காசு தருகிறோம், குடையும் நாங்களே கொண்டு வருகிறோம் என்றாலும் ஏற்ற ஆளில்லை. ஆட்களைக் கொழும்புக்கு ஏற்றியவரைச் சிறைக்கு அனுப்பினார்கள், செக்கிழுக்க வைத்தார்கள். அவர் கம்பெனியும் மூழ்கியது. நூறு வருஷம் கழித்து, 2011இல், அவர் பெயரைத் துறைமுகத்துக்கு வைத்தோம்.

அதே 2011இல்தான் இன்னொரு அதிசயமும் நடந்தது. ஜூன் 13ஆம் தேதி ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் இங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. ஆயிரத்துக்கும் மேல் பயணிகள் ஏறலாம். அது பிறவியிலேயே கார் ஏற்றும் கப்பல். வட அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு, வண்டிகளோடும் கூடாரங்களோடும் விடுமுறைக்குப் போகிறவர்களை வருஷக்கணக்காக ஏற்றி இறக்கியது. எங்களைப் போன்றவர்களுக்கென்றே கட்டியது என்று சொல்லலாம். தூத்துக்குடிக்கு வருமுன் அதே வருஷம் லிபியாவில் சண்டை மூண்டபோது பெங்காசியில் மாட்டிக்கொண்ட இந்தியர்களை ஏற்றி அலெக்ஸாண்டிரியாவில் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியமும் அதற்கு உண்டு. போர்க்களத்திலிருந்து ஆட்களை மீட்ட கப்பலால் தூத்துக்குடிக் கணக்கிலிருந்து தன்னை மீட்டுக்கொள்ள முடியவில்லை. நவம்பரில் நின்றது. ஆள் போதவில்லை என்றார்கள். விமானக் கட்டணம் எட்டிப் பிடித்துவிடும் தூரத்தில் இருக்க, கப்பலில் இரவெல்லாம் போய்ச் சேர்வதற்கு ஆள் வர வேண்டுமானால் காரை ஏற்றிக்கொள்ள வேண்டாமா? அதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

கார் ஏறியிருந்தால் எங்கள் திட்டம் இப்படி இருந்திருக்கும். காலையில் கொழும்பு. புத்தளம், அநுராதபுரம் வழியாக மன்னார்ப் பக்கம். முதல் இரவுக் கூடாரம் சிலாவத்துறையில்.

ஏன் சிலாவத்துறை என்று கேட்பீர்கள். தங்கள் துறைமுகத்தில் நல்ல நூலகம் இருந்தால் பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடாரம் கட்டித் தங்கும் உல்லாசப் பயணத்தை வெள்ளைக்காரனிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் வெறும் மணல் கரையில் ஒரே மாதத்தில் ஒரு நகரம் எழும்பும். ஓலைக்கொட்டகைத் தெருக்கள், கடைகள், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், சிறை. சிறைகூட! தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாட்கள் தோணி தோணியாகப் போய் இறங்குவார்கள். அரபிகளும் வருவார்கள். 1905 மறிச்சுக்கட்டிக் குளிப்பில் எட்டுக் கோடிச் சிப்பிக்கு மேல் கரையேறியது. அன்றைக்கு எடுத்த சிப்பியை மூன்று குவியலாகப் போட்டு இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், ஒன்று குளியாட்களுக்கு. இந்த வரி விகிதத்தைக் கேட்டால் இன்றைய ஜிஎஸ்டி அதிகாரிகளுக்கே கண்ணீர் வரும். சுறாவின் வாயைக் கட்ட மந்திரவாதிக்குத் தனியே கூலி. அதையெல்லாம் நடத்தியது அரசாங்கம்தான்: குளிப்பு இருக்கிறது, வாருங்கள் என்று அறிவிப்பு விட்டுக் கூப்பிட்டதும், தங்க இடம் போட்டதும். அரிப்பு என்ற ஊரில் கவர்னர் ஃபிரெடரிக் நார்த் குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்னும் கடல் அரித்தது போக நிற்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசிக் குளிப்பு 1961. அதன் பிறகு சிப்பியும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை.

உள்ளூரிலேயே தீவு இருக்கிறதே என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதலாம். இருக்கிறது. முயல்தீவு. காணும் பொங்கலன்று பானையோடு நாங்கள் எல்லோரும் போகிற இடம். ஆனால் தங்கள் துறைமுகம் வந்தபின் அது தரையோடு ஒட்டிவிட்டது. பைக்கில் போய் இறங்கும் தீவில் ராத்திரி தங்கினேன் என்று சொன்னால் மகனின் வகுப்பில் யார் நம்புவார்கள்? வான்தீவு, காசுவாரி, காரியாச்சல்லி எல்லாம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள். அங்கே கூடாரம் அடிக்கக் கூடாது என்று வனத்துறை சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம், அதில் பகடி எதுவும் இல்லை. காரியாச்சல்லி 1969இல் இருபது ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இப்போது சிறுத்துக்கொண்டே வருகிறது. விலாங்குச்சல்லி ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்த நம் ஊர்க்காரர்கள் தாத்தா காலத்திலேயே அந்தத் தீவில் நிரந்தரமாகக் கூடாரம் அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு, அது விண்வெளி சம்பந்தப்பட்டது. தங்களுக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழும்புகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடுகிற ராக்கெட், இலங்கைக்கு மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் குலசை. அடிக்கல் 2024 பிப்ரவரி 28 அன்று, தங்கள் ஏழாயிரம் கோடி ரூபாய் வெளித்துறைமுகத்துக்கு நாட்டிய அதே நாளில், இதே தூத்துக்குடியில். ராக்கெட் இலங்கையைச் சுற்றுவது அநியாயம் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டிகள் நேராகப் போக வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. நாகப்பட்டினம் சுற்றிப் போகும் என் கார் விஷயம் மட்டும் கோப்புக்குள் வரவில்லை. பெட்டிக்காக இவ்வளவு செலவழிக்கும்போது ஒரு ஓரமாக, வண்டி ஏறி இறங்கும்படி ஒரு சாய்தளமும் அதன் பக்கத்தில் குடியேற்ற அதிகாரிக்கு ஒரு மேசையும் போட்டுவிட்டால் நாங்கள் பெட்டிக்குள் படுக்கும் சிரமம் மிச்சமாகும். அதுவரைக்கும் பெட்டிதான்.

ஆச்சி மட்டும் இதில் ஒரு திருத்தம் கேட்கிறாள். அவள் அப்பாவுக்குக் கொழும்பில் கடை இருந்தது. சின்ன வயதில் கப்பலில் போய்வந்தவள். “சரக்குன்னு எழுதாதலே, நாங்க டிக்கெட் எடுத்துப் போனவுக” என்கிறாள். அவளுக்காக ஒரு பத்தியில் ‘பயணி’ என்று எழுதி அடைப்புக்குள் ‘பழைய வகை’ என்று குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சந்தேகம். போகும்போது நாங்கள் ஏற்றுமதி, சரி. நெடுந்தீவில் குதிரை பார்த்து, மீன் தின்று, நாலு கிலோ கூடித் திரும்பி வரும்போது இறக்குமதி ஆகிவிடுவோம். எடை வித்தியாசத்துக்குச் சுங்கவரி உண்டா? உண்டென்றால் மனைவியின் கணக்கை என் பெயரிலேயே எழுதிக்கொள்ளவும். பதில் வரும்வரை பெட்டி வாடகை ஓடிக்கொண்டிருக்கும் என்கிறான் மச்சான். ஆகவே கொஞ்சம் சீக்கிரம்.

இப்படிக்கு,
சுமார் ஆயிரத்து நானூறு கிலோ பொதுச் சரக்கு,
தூத்துக்குடி.

நகல்: சுங்கத்துறை, குடியேற்றத் துறை, இஸ்ரோ (தகவலுக்காக).