முதலாளிக்கு ஒரு பிஸ்கட்

எங்கள் நாய்க்கு முதலாளி என்று பெயர் வைத்திருக்கக் கூடாது. வத்தளையில் எங்கள் ஒழுங்கை வாயிலில் நின்று "முதலாளி!" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள்: மூலைப் பலசரக்குக் கடைக்காரர், அவருக்கு எதிரே இரும்புக்கடைக்காரர், கொஞ்சம் தள்ளிக் கோழிக்கடைக்காரர். தமிழிலும் சிங்களத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் என்பதால் மொழியைச் சொல்லித் தப்பவும் வழியில்லை. திரும்பிப் பார்க்காத ஒரே ஆள் எங்கள் நாய்தான்.

குட்டியாக வந்த அன்றே அவர் விறாந்தைக் கதிரையில் ஏறி, காசு லாச்சிக்குப் பின்னால் இருப்பவரைப் போல உட்கார்ந்து, ஒழுங்கையில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கணக்கெடுத்தார். பெயர் அப்படி வந்தது. பெயரோடு 'அவர்' என்ற மரியாதையும் ஒட்டிக்கொண்டது. என் மாமிகூட அவரை 'அது' என்பதில்லை. என்ன இனம் என்று கேட்கும் அல்சேஷன்காரர்களுக்கு நான் மகாவம்சத்தைக் காட்டுவேன். விஜயனும் ஆட்களும் கரையேறியபோது அங்கே ஒரு நாய் வந்தது. நாய் இருந்தால் பக்கத்தில் ஊர் இருக்கும் என்று ஒருவன் அதன் பின்னால் போனான். நாயுருவில் வந்தது ஓர் இயக்கி என்பது வேறு கதை. அல்சேஷனுக்கு இவ்வளவு பழைய சாட்சி கிடையாது.

2022 மார்ச் வரை முதலாளி கப்பலில் வந்த பிஸ்கட் சாப்பிட்டார். பிறகு 200 ரூபாயில் நின்ற டொலர் சில கிழமைகளுக்குள் 300 ஐத் தாண்டியது. கடையில் அந்தப் பையின் விலையைப் பார்த்துவிட்டு, நான் அதைத் தூக்கிய மாதிரியே திருப்பி வைத்தேன். மனிதர் பாடும் அப்படித்தான் இருந்தது. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மூலைக்கடையில் இரண்டு கிழமையாகப் பால்மா இல்லை. கேட்டால் முதலாளி (கடைக்காரர்) இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். வெறுந்தேத்தண்ணி குடித்துக் குடித்து என் முகமே அந்த நிறமாகியிருந்தது.

அப்போதுதான், நாய்க்கு வீட்டிலேயே பிஸ்கட் சுடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"இஞ்சருங்கோ, மனுசருக்குச் சோறு வடிக்கக் காஸ் இல்லை. நீங்கள் நாய்க்கு அவண் போடப் போறியளோ?" என்றாள் மனைவி.

"அவண் காஸில இல்லை, கரண்டில."

"கரண்ட் மட்டும் இருக்குதோ?"

அது நியாயமான கேள்வி. அந்த நாட்களில் ஊரை ஆங்கில எழுத்துகளால் வலயங்களாகப் பிரித்து, எழுத்துவாரியாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். சொந்த நட்சத்திரத்தை மறந்தவர்கள்கூட வலய எழுத்தை மறக்கவில்லை. மார்ச் 31 ஆம் திகதி வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. சோதிடர் சுபமுகூர்த்தம் பார்ப்பதுபோல நான் நேர அட்டவணையைப் பார்த்து, மாவைப் பிசைய ஒரு நேரமும் அவணை மூட்ட ஒரு நேரமும் குறித்தேன்.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் நமக்கு உதவாது. கச்சான் பட்டர் அரைக் கோப்பை என்பார்கள். அந்தப் போத்தலின் விலைக்கு முதலாளியைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலாம். அதோடு, சீனியில்லாதது என்று விற்கும் சில போத்தல்களில் சைலிட்டோல் இருக்கும். மனிதருக்கு அது வெறும் இனிப்பு. நாய்க்கோ சிறிதளவு போனாலும் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே நானே ஒரு கணக்குப் போட்டேன். குரக்கன் மா ஒரு கோப்பை, கோதுமை மா ஒரு கோப்பை, அவித்து மசித்த பூசணி அரைக் கோப்பை, முட்டை ஒன்று. வாசத்துக்குப் பச்சை நெத்தலியை அவித்து, உலரவைத்து இடித்த தூள். உப்பில்லை, சீனியில்லை.

மாமி குசினி வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்து பத்து வருடமாகிறது. இன்னும் கொழும்புப் பக்கத்து மனிதர் செய்வது எதையும் முழுதாக நம்புவதில்லை.

"என்ன தம்பி, நாய்க்குப் பலகாரமோ?"

"பிஸ்கட், மாமி."

"எங்கட வீட்டு வீரன் பதினாறு வருசம் மீன்குழம்புச் சோறு திண்டு சீவிச்சவன். அவனுக்கு ஆர் அவண் போட்டது?"

நான் விஞ்ஞானத்தை எடுத்தேன். திராட்சையும், நாம் பிளம்ஸ் என்று கேக்கில் போடுகிற அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குத் தார்தாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க மிருக வைத்தியர்கள் 2021 இல் எழுதினார்கள். அதே அமிலம் நம் பழப்புளியிலும் நிறைய உண்டு. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆக மீன்குழம்பில் நாய்க்கு உகந்தது மீன் ஒன்றுதான், மாமி.

மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுதானே பாத்தன். வீரன் குழம்பில நாக்கை வச்சுப்போட்டு முகத்தைச் சுளிக்கிறவன்" என்றார். ஒரே நிமிடத்தில் ஒரு நாயின் பதினாறு வருடச் சரித்திரம் திருத்தி எழுதப்பட்டது.

ஆனாலும் அவர் மனம் முழுதாக இளகவில்லை. நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "வைரவருக்கு வடைமாலை சாத்துறீங்கள். வாகனம் வெறும் வயித்தோடயோ நிக்கிறது?" மாமி பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து பலகைக்கு முன்னால் இருந்தார். "மா இறுக்கம் காணாது. தள்ளுங்கோ."

எலும்பு வடிவ அச்சு எங்களிடம் இல்லை. கொக்கிஸ் அச்சு இருந்தது. அதில் வார்த்தால் பூவாக வரும். முதலாளி பூத் தின்பவர் அல்லர். கையாலேயே எலும்பு பிடித்தேன், இரண்டு முனையும் உருண்டு, நடு ஒடுங்கி. தட்டில் அடுக்கியதும் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது எலும்பில்லைத் தம்பி. எலும்பு முறிவு."

180 பாகையில் அவணை மூட்டினேன். பதினைந்தாவது நிமிடம் கரண்ட் போனது. அட்டவணைப்படி இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும். இருட்டில் அவண் கண்ணாடிக்குள் பாதி வெந்த முறிவுகள் கிடந்தன. நெத்தலி வாசம் மட்டும் வேலையை நிறுத்தாமல் வீட்டைத் தாண்டி ஒழுங்கைக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அன்ரி மெழுகுதிரியோடு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். கத்தோலிக்கரான அவர் சிரிக்கவில்லை. ஆரோக்கியநாதர் கொள்ளை நோயோடு காட்டில் கிடந்தபோது ஒரு நாய்தானே பாண் கொண்டுவந்து கொடுத்தது, அந்தக் கடனில் ஒரு துண்டை நீங்கள் அடைக்கிறீர்கள் என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, அது மனிதரும் சாப்பிடலாமா என்று கேட்டார்.

கரண்ட் இரவு வந்தது. மீதியை அப்போது சுட்டேன். இங்கே ஒரு சின்ன மொழியாராய்ச்சி. பிஸ்கட் என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு 'இருமுறை சுட்டது' என்று பொருள். பழைய கப்பல்காரர்கள் மா ரொட்டியைச் சுட்டு, திரும்பவும் உலரச் சுட்டு, மாதக்கணக்கில் கடலில் கொண்டுபோனார்கள். அந்தத் தூய மரபை 2022 இல் வத்தளையில் மீட்டெடுத்தது நான்தான், வேறு வழியில்லாமல்.

நாய் பிஸ்கட்டின் பிறப்பே கப்பல் பிஸ்கட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஒருவர், மின்சார வேலைக்காரர், இடிதாங்கி விற்கிறவர், 1860 அளவில் லண்டனுக்குப் போனார். துறைமுகத்தில் கப்பல்காரர் எறிந்த பிஸ்கட்டை நாய்கள் தின்பதைக் கண்டார் என்பது கதை. இடிதாங்கியை விட்டுவிட்டு, கோதுமை, மரக்கறி, பீட்ரூட், மாட்டு இரத்தம் கலந்து நாய்க்கென்றே பிஸ்கட் செய்து விற்றார். பணம் கொட்டியது. அவருடைய நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்த சார்ள்ஸ் க்ரஃப்ட்தான் 1891 இல் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். இதெல்லாம் கிடக்கட்டும். அந்த முதல் மனிதரின் பெயர் ஜேம்ஸ் ஸ்ப்ராட். கொழும்புக் கடைகளில் நெத்தலியை ஸ்ப்ராட்ஸ் என்றுதான் கேட்போம். நெத்தலி போட்டு நாய் பிஸ்கட் சுட்ட எனக்கு, இதைப் படித்த அன்று மயிர் சிலிர்த்தது. வீட்டில் வேறு யாருக்கும் சிலிர்க்கவில்லை.

மறுநாள் காலை வழங்கும் வைபவம். முதலாளி மணந்தார். வாலை ஒருமுறை ஆட்டினார். மரியாதைக்கு ஆட்டுவதுபோல அளவாக. பிஸ்கட்டை வாயில் கவ்விக்கொண்டு பின்வளவுக்குப் போய், வெறும் வாயோடு திரும்பி வந்தார். இன்னொன்று கொடுத்தேன். அதுவும் போயிற்று. அன்றைக்கு ஆறு, அடுத்த நாள் ஏழு. "பாத்தீங்களோ, என்ன விருப்பம்!" என்று வீட்டில் மார்தட்டினேன். மாமிக்கும் பெருமைதான், மா பிசைந்தவர் அவரல்லவா.

ஒரு சந்தேகம் மட்டும் உறுத்தியது. பின்னேரம் சூன் பாண் த்ரீவீலர் 'ஃபர் எலீஸ்' வாசித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்ததும், முதலாளி எப்போதும்போலக் கழுத்தை நிமிர்த்தி பேத்தோவனோடு சேர்ந்து ஊளையிட்டார். எப்போதும்போல ஓடினார். கிம்புலா பணிஸ் வாலில் சீனி ஒட்டிய ஒரு நுனிக்காக, பிறந்ததிலிருந்து எதுவுமே சாப்பிடாதவரைப் போல இரந்து நின்றார். ஏழு பிஸ்கட் சாப்பிட்ட வயிறு அப்படியா நிற்கும்?

சித்திரை மழை இரண்டு நாள் அடித்துப் பெய்தது. மழை விட்ட காலையில் மாமி கறிவேப்பிலை ஆயப் பின்வளவுக்குப் போனார். முதலாளி கறிவேப்பிலைத் தொட்டிக்குள் முன்காலை விட்டுக் கிளறி, ஊறிப் பதமாகிய ஒரு முறிவை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவைத்துக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் விளங்கியது. நான் சுட்டது பிஸ்கட் அல்ல, செங்கல். அதைச் சமைத்து முடித்தது மண்ணும் மழையும். மாமி தடியால் தொட்டியைக் கிண்டினார். பக்கத்துச் செவ்வரத்தையின் அடியைக் கிண்டினார். மதிலோரம் கிண்டினார். எங்கும் சரக்கு. 2021 ஓகஸ்ட் கடைசியில் சீனி பதுக்கிய களஞ்சியங்களை அரசாங்கம் சோதனை போட்டதைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்தவர் மாமி. அந்தச் சொல் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது.

"பிள்ளை, இஞ்ச ஓடி வாங்கோ!" ஒழுங்கை முழுதும் கேட்கிற குரல் அவருக்கு. "முதலாளி எல்லாத்தையும் பதுக்கி வச்சிருக்கிறார்! நான் கண்ணால கண்டன்! எண்ணிக்கொண்டு வாறன், ஆரும் கை வைக்கப்படாது!"

நான் போய்ச் சேர்வதற்குள் மூலைக்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கும் சத்தம் கேட்டது. மாமி பதின்மூன்றில் பதினொன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். முதலாளி கதிரையில் ஏறி உட்கார்ந்து, தன் சரக்கு பறிமுதலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணித்தியாலத்தில் கேட் மணி அடித்தது. கடைப் பையன் நின்றான், கையில் பழைய பத்திரிகையில் சுற்றிய பொதி. உள்ளே 400 கிராம் பால்மாப் பக்கெற் இரண்டு.

"அம்மாட்டக் குடுக்கச் சொன்னவர்" என்று பையன் மாமியைப் பார்த்தும் பார்க்காமலும் சொன்னான். "பழைய விலைதானாம்."