எறிதலும் மீளலும்: வீட்டுத்தோட்டத்து நத்தை பற்றிய ஓர் ஆராய்ச்சி

வீட்டுத்தோட்டத்தில் நத்தையைக் கட்டுப்படுத்தல் என்பது, விதைத்தவருக்கும் விளைந்த கீரைக்கும் நடுவே இரவில் வந்து அமர்ந்துகொள்ளும் ஓர் உயிரை, அதன் மனம் கோணியோ கோணாமலோ, அப்புறப்படுத்தும் முயற்சியாகும். இம்முயற்சியில் இறங்குவோர், கையாளும் முறை நோக்கி, எறிவார், உப்பிடுவார், வேலியிடுவார், மருந்திடுவார், விட்டுவிடுவார் என ஐவகைப்படுவர். இவருள் ஐந்தாமவர் முதல் நான்கு முறைகளையும் செய்து பார்த்துக் களைத்தவரே ஆதலின் அவரைத் தனி வகையாகக் கொள்ளலாகாது என்பாரும் உளர். அவர் கூற்றில் நியாயம் இருப்பினும், களைத்தவருக்கும் ஓர் இடம் தருவதே வகைப்பாட்டின் அறம் என்பதால் இங்கு ஐந்தே கொள்ளப்பட்டன.

ஆய்வுக்குரிய உயிர் இருவகை. ஓடுடையது நத்தை, ஓட்டை இழந்து, அதனால் எந்த இடுக்கிலும் நுழையும் உரிமையைப் பெற்றது ஓடில்லா நத்தை. மழைக்காலத்தில் குளியலறைச் சாக்கடை வழியே ஏறி வந்து, கறுத்த முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோட்டுடன் தரையில் கிடப்பது பின்னதே. வீட்டார் அதனை அட்டை என்று கூவி அடுக்களைக்கு உப்பெடுக்க ஓடுவராயினும், இரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஓடுடையது, ஓடில்லாதது என்னும் இருவகை நத்தைக்கும் வாயினுள் ராடுலா எனப்படும் அரநாக்கு உண்டு. அஃதாவது, ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசைவரிசையாகப் பதிந்த ஒரு நாடா, இலையைக் கடிக்காமல் அராவி எடுப்பது. புழு தின்ற இலைக்கும் நத்தை தின்ற இலைக்கும் வேறுபாடு காண விரும்புவோர், காலையில் இலைமேல் காய்ந்து மின்னும் கோழைத்தடத்தையும், ஓரம் ஒழுங்கின்றிக் கிழிந்த ஓட்டைகளையும், இலைக்காம்பருகே நூல்போல் சுருண்டு கிடக்கும் கரிய எச்சத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவு கட்டுவர்.

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பெருந்தொல்லை தருவது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ராட்சத ஆப்பிரிக்க நத்தை. ஓடு மட்டும் 20 செ.மீ. வரை வளரக்கூடிய இது, ஐந்நூறுக்கு மேற்பட்ட செடிவகைகளை உண்ணும் என்று கணக்கிடப்பட்டுள்ளதால், எதைப் பயிரிட்டால் தப்பலாம் என்ற வினாவுக்கே இடமில்லை. இந்தியாவுக்குள் இது தானாக ஊர்ந்து வந்ததன்று. 1847இல் வில்லியம் ஹென்றி பென்சன் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி மொரீஷியஸிலிருந்து உயிருடன் கொண்டுவந்தவை, கல்கத்தாவின் சௌரங்கிப் பகுதித் தோட்டமொன்றில் இடம்பிடித்துப் பெருகின. பென்சன் தம் காலத்து நத்தையியல் வல்லுநர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். நத்தையை நன்கு அறிந்தவரே நத்தையை ஊருக்குள் கொண்டுவந்தார் என்னும் இச்செய்தி, ஆராய்ச்சியாளர்கள் அடக்கத்துடன் நினைவில் கொள்ளத்தக்கது.

இனி எறிவார் கொள்கை. நத்தையைக் கையால், அல்லது கூச்சமுடையோர் பிளாஸ்டிக் உறை மாட்டிய கையால், எடுத்து மதிலுக்கு அப்பால் வீசுதல் இதன் சாரம். செலவில்லை, கொலைப்பாவமில்லை, கண்முன் பலன் உண்டு என மூன்று சிறப்புகளை இக்கொள்கையினர் எடுத்துரைப்பர். மாலை ஏழு மணிக்குப் பின் எறிவதே மரபு. நத்தை அந்நேரத்தில்தான் தென்படும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம், பக்கத்து வீட்டார் அந்நேரத்தில் தென்படார் என்பது சொல்லப்படாத காரணம்.

இக்கொள்கையின் அடித்தளத்தை அசைத்தவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ரூத் புரூக்ஸ் என்னும் பாட்டி. தம் தோட்டத்து நத்தைகளை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அவை திரும்பி வருவதாக ஐயுற்ற அவர், ஓடுகளில் நகப்பூச்சால் அடையாளமிட்டுச் சோதித்தார். 2010இல் பிபிசி வானொலி நடத்திய பொதுமக்களுக்கான அறிவியல் போட்டியில் அவருடைய ஆய்வே வென்றது. பின்னர் டன்ஸ்டன், ஹாட்சன் என்னும் இருவர், தோட்டச்சுவருக்கு அப்பால் நத்தைகளை மீண்டும் மீண்டும் வீசிக் கணக்கெடுத்து, 2014இல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் முடிவை வெளியிட்டனர். தோட்டத்து நத்தைக்குத் தன் இருப்பிடம் தெரியும், அருகில் விட்டால் அது வீடு திரும்பும். 20 மீட்டருக்கு அப்பால் விட்டால் கொன்றதற்குச் சமமான பலன் கிடைக்கும் என்பது அவர்கள் கண்டது. அவர்கள் ஆராய்ந்தது ஐரோப்பியத் தோட்டத்து நத்தையை. ஆயினும் ஊர்ந்து வீடு சேரும் இயல்பில் ஆப்பிரிக்க நத்தை அதற்கு இளைத்தது என்று கொள்ள முகாந்திரமில்லை.

20 மீட்டர் என்பது ஏறத்தாழ 65 அடி. இவ்விடத்தில் ஆங்கிலேயத் தோட்டக் கணக்கும் சென்னைப் புறநகர் மனைக் கணக்கும் முரண்படுகின்றன. அரை கிரவுண்டு மனை என்பது 1,200 சதுர அடி, பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது. தன் பக்க மதிலருகே நின்று ஒருவர் நத்தையை வீசுவாராயின், முதல் முப்பது அடி அடுத்த வீடு, அடுத்த முப்பது அடி அதற்கடுத்த வீடு. எனவே விதிக்கப்பட்ட தூரத்தை நத்தை எட்டுவது மூன்றாம் வீட்டின் ஐந்தாம் அடியில். பின்பக்கம் வீசினால் நாற்பதடி ஆழமுள்ள ஒரு மனையைத் தாண்டி இரண்டாம் மனையின் நடுப்பகுதியில் விழும். வாசல்பக்கம் வீசினால் முப்பதடிச் சாலையைக் கடந்து எதிர்மனையின் முப்பத்தைந்தாம் அடியை அடையும். எதிர்வீட்டின் கதவுகள் திறந்திருக்கும் பட்சத்தில் அது அவர்கள் அடுக்களை. ஆகவே அறிவியலுக்கு ஒத்த எறிதல், அறிமுகமுள்ள பக்கத்து வீட்டாரை விட்டுவிட்டு, அறிமுகம் குறைந்தவர் வீட்டையே இலக்காகக் கொள்ள வேண்டியதாகிறது. கை வலிமை குறைந்தோர் எறிந்த நத்தை முதல் வீட்டிலேயே விழுந்து மறுநாளே மீள்வதால், பகையும் மிஞ்சுகிறது நத்தையும் மிஞ்சுகிறது.

மூன்றாம் வீட்டாரும் எறிவார் கொள்கையினரே ஆயின் நிலை மேலும் சிக்கலாகும். ஒரு தெருவில் எல்லோரும் எல்லாத் திசையிலும் எறியும்போது எந்த வீட்டின் நத்தை எந்த வீட்டினது என்று பிரித்தறிய இயலாது. வரவும் செலவும் நேராகி, தெருவின் மொத்த இருப்பு மாறாமல் நிற்கும். உண்மையில் மாறாமலும் நிற்பதில்லை, கூடும். நத்தை ஓருடலில் இருபாலுறுப்பும் உடையது. ஒருமுறை கூடிப் பெற்ற விந்தைப் பல மாதங்கள் உள்ளே சேமித்து வைத்து, ஓர் ஈட்டுக்கு இருநூறு முட்டை வரை மண்ணுக்குள் இடவல்லது. எனவே எறியப்படுவது ஒரு நத்தை என்று எண்ணுவது பிழை. எறியப்படுவது ஒரு வம்சம். இதற்குச் சான்று 1966இல் அமெரிக்காவின் மயாமி நகரில் கிடைத்தது. ஹவாயிலிருந்து ஒரு சிறுவன் கொண்டுவந்த மூன்று நத்தைகளை அவன் பாட்டி தோட்டத்தில் விட்டார். ஏழாண்டுகளில் பதினெட்டாயிரத்துக்கும் மேல் கண்டெடுக்கப்பட்டன. ஒழிக்கப் பத்தாண்டும் பத்து இலட்சம் டாலரும் ஆயின. டெவன் பாட்டியையும் மயாமிப் பாட்டியையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர், நத்தை வரலாற்றில் பாட்டிமார்க்கு உரிய இடம் இன்னும் முறையாக மதிப்பிடப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்வர்.

உப்பிடுவார் கொள்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நத்தையின் ஈரத்தோல் வழியே உடல்நீரை உப்பு வெளியே இழுக்க, அது நுரைத்துச் சாகும். குளியலறைத் தரையில் இது செல்லும். செடிப்பையில் தூவினால், நத்தை தின்ன மிச்சம் வைத்த கீரையை உப்பு தின்றுவிடும்.

வேலியிடுவார் பரம்பரை செல்வாக்கு மிக்கது. முட்டை ஓடு நொறுக்கித் தூவுவோர், செப்புப்பட்டை சுற்றுவோர், சாம்பல் தூவுவோர் எனப் பல கிளைகள் அதற்குண்டு. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018இல் செப்புப்பட்டை, சரளைமணல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு ஆகிய ஐந்தையும் 108 சிறு பாத்திகளில் லெட்டூஸ் கீரையைச் சுற்றி இட்டுப் பார்த்தது; வேலியிட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் நத்தை எந்த வேறுபாடும் காட்டவில்லை. முட்டை ஓட்டின் கூர்முனை நத்தையின் வயிற்றைக் கிழிக்கும் என்பது நம்பிக்கை. கோழையைப் பாய்போல் விரித்து அதன்மேல் நகரும் உயிருக்குக் கூர்முனை ஒரு பொருட்டன்று. மேலும், ஓடு வளர்க்கச் சுண்ணாம்புச் சத்து தேடி அலையும் உயிரின் வழியில் சுண்ணாம்பைத் தூவுவது வேலியா விருந்தா என்பதை முட்டை ஓட்டுக் கிளையினர் விளக்கக் கடமைப்பட்டவர்.

காபிச் சக்கை இடுவோர் நிலை சற்று மேம்பட்டது. ஹவாயில் செடித்தொட்டிகளில் ஒளியும் தவளைகளை ஒழிக்கக் கஃபீன் கரைசலைச் சோதித்த ஆய்வாளர்கள், நத்தைகள் அதற்கு அஞ்சுவதைத் தற்செயலாகக் கண்டு, 2002இல் நேச்சர் இதழில் எழுதினர். ஒன்று, இரண்டு விழுக்காடு கஃபீன் இருந்தால் நத்தை சாகும், 0.01 விழுக்காடே இருந்தாலும் அதற்குத் தீனி குறையும். குடிக்கும் காபியில் 0.05 விழுக்காட்டளவு இருப்பதால், கும்பகோணம் டிகிரி காபியை நத்தைக்கு வார்த்தால் பசி மந்தப்படலாம். ஆனால் தமிழ்க் குடும்பங்களில் முதல் டிகாக்ஷன் வீட்டாருக்கும் இரண்டாம் டிகாக்ஷன் எதிர்பாராமல் வந்த விருந்தினருக்கும் போன பின்பே சக்கை தோட்டத்துக்கு வருகிறது. அதில் மிஞ்சுவது மணம் மட்டுமே.

மருந்திடுவார் கையாளும் குருணைகளுள் மெட்டால்டிஹைடு பழையது. இதை உண்ட நத்தை தன் கோழை முழுவதையும் கொட்டி உலர்ந்து சாகும். ஆனால் அன்றிரவு மழை பெய்தால் சில பிழைத்தெழும். மழையில் மட்டுமே வெளிவரும் உயிருக்கு வெயிலில் மட்டுமே முழுப் பயன் தரும் மருந்தைக் கண்டுபிடித்த மனித அறிவு வியக்கத்தக்கது. நாய்க்கும் பறவைக்கும் இது நஞ்சு என்பதால் பிரிட்டன் 2022 மார்ச்சில் இதன் திறந்தவெளிப் பயன்பாட்டை நிறுத்தியது. இரும்பு பாஸ்பேட் குருணை அத்துணைத் தீங்கு தராதது. உண்ட நத்தை தீனியை நிறுத்தி மண்ணுக்குள் போய்ச் சாகும். பிணம் கண்ணில் படாமையால், வாங்கியவர் ஏமாந்ததாகக் கருதிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதே இதன் ஒரே குறை. கேரளத்தில் பரிந்துரைக்கப்படும் புகையிலைக் கஷாயமும் துரிசு என்னும் மயில்துத்தமும் கலந்த தெளிப்பு வலியது. துரிசு மிகுந்தால் இலை கருகும்.

உயிரை உயிரால் ஒழிக்கும் முறையும் முயலப்பட்டதுண்டு. ஆப்பிரிக்க நத்தையைத் தின்னட்டும் என்று 1955இல் ஹவாயிலும் 1977இல் பிரெஞ்சு பாலினீசியாவின் மொரேயா தீவிலும் யூக்ளாண்டினா என்னும் ஊனுண்ணி நத்தை விடப்பட்டது. அது பெரிய நத்தையுடன் மல்லுக்கு நிற்பதை விடுத்து, எவருக்கும் தீங்கு செய்யாத உள்ளூர் மரநத்தைகளைத் தின்று பல இனங்களை அடியோடு அழித்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டதற்கு இதனினும் தெளிவான மேற்கோள் உயிரியலில் அரிது. உள்ளூரிலேயே செம்போத்தும் மின்மினியின் புழுவும் நத்தை தின்னும். அவற்றைக் கொண்டுவர வேண்டியதில்லை, விரட்டாமல் இருந்தால் போதும்.

நத்தையைச் சாராயத்தால் ஈர்க்கும் முறை மேல்நாட்டில் புகழ்பெற்றது: கிண்ணத்தில் பீர் ஊற்றி மண்ணில் புதைத்தால், ஈஸ்டின் வாசனைக்கு வந்து விழுந்து மூழ்கும். தமிழ்நாட்டில் இதற்குள்ள தடை அறிவியல் தடையன்று. நத்தைக்காகத்தான் வாங்கினேன் என்று டாஸ்மாக் வாசலில் உறவினரிடம் சொல்லி நம்பவைத்தவர் எவருமிலர். ஈர்ப்பது சாராயமன்று, புளிப்பின் மணமே என்பதும், ஈஸ்ட் கலந்து பிசைந்த பிரெட் மாவுக்கும் நத்தை வரும் என்பதும் அறியப்பட்டிருப்பதால், நான்காம் நாள் இட்லி மாவு இவ்விடத்தில் சோதிக்கத்தக்கது. வீட்டாருக்கு வார்த்துத் தீர்ப்பதைவிட இது நல்ல வழி என்பது பெரும்பான்மையோர் கருத்தாக இருக்கும்.

பலிக்கும் முறைகளோ கவர்ச்சியற்றவை. மாலையில் நீர் விடுவதைக் காலைக்கு மாற்றினால் இரவில் மண்பரப்பு உலர்ந்து நத்தையின் நடமாட்டம் குறையும். நர்சரியிலிருந்து புதுச்செடி வாங்கினால் தொட்டி மண்ணைக் கிளறி, ஜவ்வரிசி போன்ற மஞ்சள்வெள்ளை முட்டைகள் உள்ளனவா என்று பார்த்த பின்பே உள்ளே கொண்டுவர வேண்டும். மூன்றாம் மாடித் தோட்டத்துக்கு நத்தை எப்படி வந்தது என்று வியப்போரின் வியப்பு இங்கே தீரும். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் நனைத்த சாக்கின்கீழ் முட்டைகோஸ் இலையும் பப்பாளித் தழையும் வைத்து, விடியலில் சாக்கைப் புரட்டினால் நத்தைகள் கூட்டமாகக் கிடைக்கும். அவற்றை உப்புநீர் வாளியில் இட்டுக் கொன்று குழியில் புதைக்க வேண்டும். செடிப்பையின் மடிந்த விளிம்பின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். மேற்கொம்பு இரண்டின் நுனியிலுள்ள கண்களை உள்ளிழுத்துக்கொண்டு, தான் இல்லாததுபோல் நத்தை ஒட்டியிருப்பது அங்கேதான்.

எலியின் நுரையீரல் புழுவை இந்நத்தை சுமக்கக்கூடும். அது மனித உடலில் புகுந்தால் மூளைச்சவ்வு அழற்சி வரலாம். எனவே வெறுங்கையால் தொடலாகாது, கீரையைக் கழுவாமல் சமைக்கலாகாது. மூலத்துக்கு நல்லதென்று காவிரிக்கரையில் உண்ணப்படும் வயல் நத்தை வேறு. தோட்டத்து நத்தையைப் பிடித்துக் குழம்பு வைக்க முனையும் சிக்கனக்காரர் இதனை ஊன்றிப் படிக்கவும்.

எஞ்சி நிற்பது ஒரு சிக்கல். இரு வீட்டுக்கும் பொதுவான மதிலின் உச்சியில் ஏறி, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்காக வெள்ளையடித்த பூச்சை அராவித் தின்றுகொண்டிருக்கும் நத்தை எவருடையது? தலை எப்பக்கம் நீள்கிறதோ அவ்வீட்டினது என்பது ஒரு சாரார் கருத்து. தீர்ப்பு வருவதற்குள் நத்தை திரும்பிவிடுவதால் அது நிலைக்காது. ஏறிய பக்கத்தார்க்கே உரியது எனின், கோழைத்தடம் இருபுறமும் காணப்படுகிறது. மதிலுக்குக் கடைசியாகச் சுண்ணாம்பு அடித்தவர் எவரோ அவரே அதற்கு உணவிட்டவர் ஆதலின் அவரே உப்பு வாளியுடன் வரவேண்டும் என்னும் மூன்றாம் கருத்து ஏற்புடையது. அக்கருத்து பரவியதிலிருந்து அம்மதிலுக்கு இருவீட்டாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை.